முப்பத்தோராவது குதிர்

வெர்னா தீசன் "இங்க ஓடுதே" என்று சொன்னால் எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிடும். இருபத்திரண்டு வருடங்களாகக் கேட்டு வருகிறேன், இன்னும் பழகவில்லை. விவசாயி ஒருவர் மழையில் நனைந்தபடி போன் செய்வார், பெட்டி வேலை செய்யவில்லை என்று. நான் வண்டியை எடுத்துக்கொண்டு ஐம்பது, அறுபது கிலோமீட்டர் போய், சேற்றில் நின்று, பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வெர்னாவைக் கூப்பிடுவேன். அவள் தன் மேஜையில் உட்கார்ந்து சூரியகாந்தி விதையைக் கடித்து, தோலைக் காகிதக் கோப்பையில் துப்பிவிட்டு, "இங்க ஓடுதே, லோர்ன்" என்பாள். அங்கே ஓடி யாருக்கு என்ன பிரயோசனம்? தானியம் இங்கே அல்லவா கிடக்கிறது.

எங்கள் கம்பெனியில் பதினோரு பேர். தானியம் உலர்த்தும் டிரையர்களுக்குக் கன்ட்ரோல் பெட்டி செய்கிறோம். கனடாவில், மனிடோபாவின் தெற்கு மூலையில், அமெரிக்க எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கிறது எங்கள் ஷெட். பெட்டிக்குள் கம்பி இழுப்பது, அதைக் கொண்டுபோய் மாட்டுவது, திட்டு வாங்குவது என் வேலை. உள்ளே இருக்கும் புரோகிராம் முழுக்க வெர்னாவுடையது. முதல் பெட்டியிலிருந்து இன்றைய பெட்டிவரை ஒரு வரிகூட வேறு யாரும் எழுதியதில்லை. எழுத விட்டதும் இல்லை.

அவளுக்கு ஐம்பத்தேழு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தீசன் வீட்டில் மூன்று பையன்களுக்குப் பிறகு பிறந்த ஒரே பெண். இருபது வயதில் தானிய மண்டி ஆபீசில் லாரி எடை போடும் வேலைக்குப் போனாள். குளிர்காலத்தில் லாரி வராத நாட்களில் தபாலில் பாடம் வரவழைத்து புரோகிராம் எழுதப் படித்தாள். எங்கள் முதலாளி தன் கராஜில் இரண்டு பேரோடு கடை போட்டபோது அந்த இரண்டாவது ஆள் இவள்தான்.

சிக்கனம் என்றால் அப்படி ஒரு சிக்கனம். ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையைக் கழுவிக் காயப்போட்டு மறுபடி மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டு வருவாள். காகிதத்தின் இரண்டு பக்கமும் எழுதி, ஓரத்திலும் எழுதுவாள். அண்ணன் போட்டுக் கழித்த குளிர்கோட்டைத்தான் இன்னும் மாட்டிக்கொண்டு திரிகிறாள். எங்கள் சனம் முக்கால்வாசி இப்படித்தான் என்பதால் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அப்பா போனதும் நிலம் மூன்று அண்ணன்களுக்கும் போனது. வெர்னாவுக்குக் கண்ணாடி அலமாரியும் அம்மாவின் தையல் மெஷினும். பேச்சுக்கு எல்லோருக்கும் சமப் பங்கு என்றுதான் எங்கள் பக்கம் சொல்வார்கள். உழுகிறவன் நிலத்தை எடுத்துக்கொள்வான், மிச்சப் பேருக்குத் தட்டுமுட்டுச் சாமான். அவள் வாங்கிக்கொண்டாள். ஞாயிறு சர்ச் முடிந்து, ஃபாஸ்பா என்று நாங்கள் சொல்லும் மதியச் சிற்றுண்டிக்கு மூத்த அண்ணன் ஐசக் வீட்டுக்குப் போய், பன்னும் பிளம் ஜாமும் ஆறிப்போன சாசேஜும் தின்று, காப்பி குடித்துவிட்டு வருவாள். "இன்னும் அந்த டைப் அடிக்கிற வேலைதானா?" என்று அண்ணன்கள் கேட்பார்கள். "ஆமா" என்பாள். அவர்கள் களத்தில் தினமும் டிரையரை மூட்டி அணைப்பது அவள் எழுதிய புரோகிராம்தான் என்று அவர்களுக்கு உறைத்ததா என்று எனக்குத் தெரியாது.

அக்டோபர் கடைசி வாரம், வியாழக்கிழமை. ஐசக் எனக்குப் போன் செய்தார்.

"என்னப்பா லோர்ன், உங்க பெட்டி செத்துச் செத்துப் பொழைக்குது."

"எப்படிச் சொல்றீங்க?"

"பர்னர் மூட்டும். ஒரு நிமிஷம் எரியும். உடனே ஸ்கிரீன் கருப்பாயிரும். மறுபடி முதல்லேருந்து. ஆறு நிமிஷம் கழிச்சு மூட்டும், ஒரு நிமிஷத்துல செத்துரும். காலையிலேருந்து இதே கூத்து. ஈர மக்காச்சோளம் குதிர் நிறைய நிக்குது, தெரியுமில்ல?"

தெரியும். அறுத்த சோளம் இருபத்தாறு சதவீத ஈரத்தோடு பெரிய இரும்புக் குதிரில் டிரையருக்காகக் காத்திருக்கிறது. ஈரத் தானியத்தைச் சும்மா வைத்தால் உள்ளுக்குள்ளே சூடேறும். சூடேறினால் பூசணம் பிடிக்கும். அப்புறம் பன்றிகூட முகராது. கையால் மூட்டிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். பெட்டி உத்தரவு இல்லாமல் பர்னர் எரியாது. பாதுகாப்புக்காக நாங்களே அப்படிச் செய்து வைத்திருக்கிறோம், எங்கள் கெட்டிக்காரத்தனம்.

போனேன். ஃபியூஸை மாற்றினேன். கரண்ட் தரும் யூனிட்டை மாற்றினேன். எலி கடித்திருக்குமோ என்று கம்பி முழுவதையும் கையால் தடவிப் பார்த்தேன். கடைசியில் பெட்டியையே கழற்றிவிட்டுப் புதுப்பெட்டி மாட்டினேன். அதுவும் ஒரு நிமிஷம் எரிந்துவிட்டுச் செத்தது. வெர்னாவைக் கூப்பிட்டேன்.

"இங்க ஓடுதே" என்றாள்.

வெள்ளிக்கிழமை முழுவதும் அவள் தன் கம்ப்யூட்டரில் அந்தப் புரோகிராமை ஓட்டிக்கொண்டே இருந்தாள். அவளிடம் ஒரு பொய்க்களம் உண்டு. எட்டுக் குதிர், ஒரு டிரையர், எல்லாம் கம்ப்யூட்டருக்குள்ளேயே. அதில் காலையிலிருந்து சாயங்காலம்வரை பொய்ச்சோளம் பொய்யாக உலர்ந்தது. ஒரு தடங்கலும் இல்லை. நான் பின்னால் போய் நின்றால், ஸ்கிரீனை விரலால் தட்டிக் காட்டுவாள்.

"பாரு. ஒம்பது மணி நேரம். ஒரு தும்மல்கூட இல்ல."

"நல்லாருக்கு. உன் கம்ப்யூட்டரத் தூக்கிட்டுப் போயி ஐசக்கோட டிரையர்ல மாட்டிரட்டுமா?"

"கம்பியில ஏதோ கோளாறு."

"கம்பிய நான் நாலு தடவ பாத்தாச்சு."

"அஞ்சாவது தடவ பாரு."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் காகிதக் கோப்பையை அவள் தலையில் கவிழ்த்திருப்பேன். பேசாமல் மறுபடி களத்துக்குப் போய், பெட்டி சாகும்போது கடைசியாக என்ன எழுதிவிட்டுச் சாகிறது என்று ஒரு கேபிளை மாட்டி லேப்டாப்பில் பிடித்துக்கொண்டு வந்தேன். வியாழக்கிழமையே அவள் என்னை அதைச் செய்யச் சொல்லியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை ஏழரைக்கு ஐசக் மறுபடி போன் செய்தார். இந்தத் தடவை அவர் சத்தம் போடவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. குதிரின் நடுவில் பதினாலு டிகிரி இருந்த சோளம் இருபத்திமூன்றுக்கு ஏறிவிட்டது.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. நானும் வேல செய்ய மாட்டேன், உங்க முதலாளியும் ஷெட்டத் தொறக்க மாட்டாரு. இன்னிக்கு இருட்டுறதுக்குள்ள டிரையர் ஓடணும். ஓடலேன்னா திங்கக்கிழமை வேற கம்பெனிக்காரன் வர்றான். வெர்னாகிட்ட சொல்லிரு."

"நீங்களே சொல்லலாமே, உங்க தங்கச்சிதான."

"நான் சொன்னா சண்டையாயிரும். நீ சொல்லு."

வெர்னாவிடம் சொன்னேன். அவள் விதை கடிப்பதை நிறுத்தினாள். பெட்டியின் கடைசி வார்த்தைகளை ஒருமுறை படித்தாள். பிறகு இன்னொரு முறை.

"லோர்ன், அந்தக் களத்துல மொத்தம் எத்தன குதிர்?"

"நான் கம்பி பாக்கத்தான் போனேன். குதிர் எண்ணவா போனேன்?"

"கேளு."

கேட்டேன். முப்பத்தொன்று என்றார் ஐசக்.

வெர்னா நாற்காலியோடு என் பக்கம் திரும்பினாள். "ஒரே பெட்டியிலயா?"

மூன்று அண்ணன் தம்பிகளின் களமும் ஒன்றையொன்று ஒட்டியே இருக்கிறது, நடுவில் ஒரு டிரையர். ஆளுக்கொரு பெட்டி வாங்குவதாவது. ஒரு பெட்டியை வாங்கி, பள்ளம் தோண்டிக் கேபிளைப் புதைத்து, மூன்று களத்துக் குதிர்களையும் அதிலேயே கோத்துவிட்டார்கள். எங்கள் ஆட்களைத் தவிர இப்படி யாருக்கும் தோன்றாது. ஐசக்கிடம் போனிலேயே கேட்டேன், இப்படிச் செய்யலாம் என்று யார் சொன்னது என்று.

"வெர்னாதான் சொன்னா. ஃபாஸ்பாவுல உக்காந்து கேட்டோம், எத்தன குதிர் வேணா கோக்கலாமான்னு. எத்தன வேணா கோத்துக்கங்கன்னா."

அவள் காதிலும் விழுந்தது. மறுக்கவில்லை. அந்தப் பெட்டியில் குதிர்கள் வரிசையாகக் கோத்திருக்கும். டிரையரிலிருந்து காய்ந்த சோளம் வெளியே வரும்போது பெட்டி முதல் குதிரைக் கேட்கும், இடம் இருக்கிறதா என்று. இல்லையென்றால் அந்தக் கேள்வியை மூடாமலே இரண்டாவதைக் கேட்கும். அதுவும் இல்லையென்றால் மூன்றாவதை. இடம் இருக்கிற குதிர் கிடைத்ததும்தான் பதில் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும், கேள்விகள் மூடும்.

"ஒரு கேள்வி கேக்குறதுக்கு ஒரு தாள் வேணும். மூடாத கேள்வியோட தாள் கீழயே கெடக்கும், அடுத்தது அது மேல. அப்படி அடுக்கிட்டே போகும். அதுக்குத்தான் ஸ்டாக்னு பேரு. இந்த அடுக்குக்கு ஒரு உயரம் இருக்கு, அதத் தாண்டினா புரோகிராம் அந்த எடத்துலயே காலி" என்றாள் வெர்னா.

"சரி, உன் கம்ப்யூட்டர்ல ஏன் தாண்டல?"

"இங்க எட்டு மெகாபைட் உயரம். அதுவும் எட்டே குதிர், அத்தனையும் பாதி காலி."

"பெட்டியில?"

அவள் ஏதோ கையேட்டைத் திறந்து தேடினாள். கோடைக்காலத்தில், பெட்டிக்குள் இருக்கும் பழைய சர்க்யூட் போர்டு வருவது நின்றுபோய், புதுப் போர்டுக்கு மாறினோம்; ஐசக்கின் பெட்டியிலும் அதைத்தான் மாட்டியிருந்தேன். அதில் இடம் மிச்சம் பிடிக்க, எல்லாப் புரோகிராமும் அண்டிப் பிழைக்கிற அடிப்படை லைப்ரரியையும் வெர்னா சின்னதாக மாற்றினாள். அவளுடைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, அந்தக் குட்டிப் போர்டுக்குப் புரிகிற பாஷையில் கம்பைல் செய்து அனுப்புவாள். கிராஸ்-கம்பைல் என்பது அதுதான். சமைப்பது ஒரு வீட்டில், சாப்பிடுவது வேறு வீட்டில். அந்த வீட்டில் தட்டு எவ்வளவு பெரியது என்று சமைத்தவள் பார்க்கவில்லை.

"நூத்தி இருபத்தெட்டு கிலோபைட்" என்றாள் கடைசியில். "சின்ன லைப்ரரி, சின்ன ஸ்டாக். அறுபத்துநாலுல ஒரு பங்கு. கையேட்டுல எழுதித்தான் இருக்கு."

"படிக்கலியா?"

"ஓடுச்சே, எதுக்குப் படிக்கணும்?"

ஒரு பழைய கவரின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். ஒரு கேள்விக்கு நாலு கிலோபைட் தாள். இருபத்தொன்பது குதிர் நிறைந்தால் நூற்றுப் பதினாறு. அடியில் வேறு சாமான்களுக்கு ஒரு பத்து. முப்பதாவது குதிரைக் கேட்கப் போனால் நூற்று முப்பது. நூற்று இருபத்தெட்டில் முட்டிச் சாகிறது. அறுவடை தொடங்கியபோது குதிர்கள் காலியாக இருந்தன, கேள்வி ஒன்றிரண்டோடு முடிந்தது. இந்த வருடம் விளைச்சல் கொட்டிவிட்டது. நிறைய நிறைய அடுக்கு உயர்ந்தது.

"அந்தத் தாள்ல நீ என்னதான் எழுதுற, நாலு கிலோபைட்டுக்கு?"

"குதிரோட பேரும் ஈரமும். ஒரு வரி."

ரொட்டிப் பையைக் கழுவிக் காயப்போடுகிறவள், ஒரு வரி எழுத நாலாயிரம் எழுத்துக்கான தாளை விரித்து வைத்திருக்கிறாள். நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எனக்கு ஒரு சுலபமான வழி தோன்றியது. காலியாக இருக்கும் குதிர்களை வரிசையில் முன்னால் கொண்டுவந்துவிட்டால் முதல் கேள்வியிலேயே இடம் கிடைத்துவிடும். புரோகிராமைத் தொடவே வேண்டாம், ஸ்கிரீனில் இரண்டு தட்டு. ஐசக்கைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"வரிசைய மாத்தக் கூடாது" என்றார்.

"இன்னிக்கு ஒரு நாளைக்குத்தான்."

"ஒரு நாளைக்கும் கூடாது. அது நாங்க மூணு பேரும் பேசி வெச்ச ஏற்பாடு."

"உங்க சோளம் வேகுது ஐசக்."

"வரிசைய விட்டுட்டு மத்ததப் பாரு."

போனை வைத்துவிட்டார். மாடுகூடச் சொன்னால் நகரும், தீசன்கள் நகர மாட்டார்கள். எட்டே முக்காலுக்கு வெர்னா ஒரு மெமரி ஸ்டிக்கை என் கையில் கொடுத்தாள். பெட்டி விழித்தெழும்போது, ஸ்டாக்குக்கு உச்சவரம்பே கிடையாது என்று ஒரு உத்தரவு போடும்படி எழுதியிருக்கிறாளாம். அவளுடைய கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாளாம், ஓடியதாம். ஐசக் பெட்டிக்கு இன்டர்நெட் கொடுக்கச் சம்மதிக்காததால் ஒவ்வொன்றையும் நான்தான் சுமக்க வேண்டும். நாற்பது நிமிஷம் போனேன். மாட்டினேன். பர்னர் எரிந்தது. ஒரு நிமிஷத்தில் செத்தது.

"அந்தச் சின்ன லைப்ரரி இந்த உத்தரவக் காதுலயே போட்டுக்காது போலருக்கு" என்றாள் போனில். "அது தன் அளவத் தானே வெச்சுக்கும். திரும்பி வா."

"போன்லயே சொல்லித் தொலையேன், நான் இங்கயே அடிச்சிர்றேன்."

"கம்பைல் பண்ணணும். இங்கதான் முடியும். வா."

நாற்பது நிமிஷம் திரும்பினேன். இரண்டாவது வைத்தியம் தயாராக இருந்தது. கம்பைல் ஆகி எல்லாத் துண்டும் ஒன்றாகச் சேரும் கடைசிக் கட்டத்தில், இந்தப் புரோகிராமுக்கு ஸ்டாக் ஒரு மெகாபைட் என்று கோப்பின் நெற்றியிலேயே எழுதிவிடலாமாம். சின்ன லைப்ரரி அதை மதிக்குமாம். மறுபடி நாற்பது நிமிஷம். ஐசக் டிரையர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருடைய முதல் தம்பி டெல்மர் டிராக்டரிலிருந்து இறங்கவே இல்லை. கடைசித் தம்பி ஆர்டன் மட்டும், "வெர்னாவுக்கு இது தெரியுமா தெரியாதா?" என்று கேட்டான். மாட்டினேன். எரிந்தது. செத்தது. சோளம் இருபத்தைந்து டிகிரி.

ஷெட்டுக்கு வந்து மெமரி ஸ்டிக்கை அவள் மேஜையில் எறிந்தேன். கத்தக்கூட எனக்குத் தெம்பு இல்லை.

"நீ வர்ற. இப்பவே. லேப்டாப்ப எடுத்துக்க."

"நான் எதுக்கு அங்க? நான் மேஜை ஆளு."

"அங்க ஓடலேங்கிறத உன் கண்ணால பாரு. அம்பத்தேழு வயசுல ஒரு தடவ பாரு."

அவள் அந்தக் களத்தில் காலடி வைத்துப் பல வருடம் ஆகிறது. வீட்டுக்குப் போவாள், சாப்பாட்டு மேஜைவரை. அதற்குப் பின்னால் இருக்கும் களத்துக்குப் போனதில்லை, யாரும் வாவென்று கூப்பிட்டதும் இல்லை. கோட்டை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினாள். மடியில் லேப்டாப், வாயில் விதை. துப்ப இடமில்லாமல் என் காப்பிக் கோப்பையை எடுத்துக்கொண்டாள். காப்பி இன்னும் பாதி இருந்தது.

பாதி வழியில், "அட மூதேவி" என்றாள். என்னைச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

கம்பைல் ஆன கோப்பின் தலைப்பைப் பிரித்துக் காட்ட ஒரு சின்னக் கருவி இருக்கிறது. அதில் ஸ்டாக் அளவு என்று ஒரு வரி. அங்கே ஒரு மெகாபைட் இருக்க வேண்டும். பூஜ்யம் இருந்தது.

"நான் எழுதினது போய்ச் சேரவே இல்ல. கம்பைல் பண்ற ஸ்கிரிப்டுல மேல எழுதினேன். என் கம்ப்யூட்டருக்குக் கம்பைல் பண்றப்ப அந்த வரி அப்படியே இருக்கு. போர்டுக்குப் பண்றப்ப கீழ வேற ஒரு வரி வந்து, இருந்ததெல்லாம் அழிச்சிட்டு அதோடதப் போட்டுக்குது."

"அந்தக் கீழ் வரிய எழுதின புண்ணியவான் யாரு?"

"நான்தான். ஜூலையில."

"அனுப்புறதுக்கு முன்னாடி இந்தத் தலைப்பப் பாத்திருந்தா எனக்கு எம்பது நிமிஷம் மிச்சம்."

"எழுதினா போயிருக்கும்னு நெனச்சேன்."

"இங்க ஓடுச்சாக்கும்."

அவள் லேப்டாப் மேல் குனிந்துகொண்டாள். அவள் வார்த்தையை அவளுக்கே திருப்பிக் கொடுத்ததில் சந்தோஷப்படக்கூட எனக்கு நேரம் இல்லை. குண்டும் குழியுமான மண் ரோட்டில் வண்டி குதிக்க, அவள் அந்த வரியைத் திருத்தி, கம்பைல் செய்து, மறுபடி தலைப்பைப் பிரித்தாள். இந்தத் தடவை பூஜ்யம் இல்லை. மூன்று தடவை பிரித்துப் பார்த்தாள். என்னிடமும் காட்டினாள், எனக்குப் புரியும் என்பதுபோல.

மூன்றே காலுக்குப் பெட்டி விழித்தது. பர்னர் எரிந்தது. நாங்கள் நாலு பேரும் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டு நின்றோம். டெல்மரும் டிராக்டரை அணைத்துவிட்டு வந்து சேர்ந்தான். ஒரு நிமிஷம் ஆனது. இரண்டு. ஐந்து. காய்ந்த சோளம் குழாயில் ஏறும் சத்தம் கேட்டது. ஸ்கிரீனில், 'அடுத்தது: ஆர்டன் 10' என்று வந்தது. அதுதான் முப்பதாவது. பத்து நிமிஷம் ஆகியும் சாகவில்லை. ஐசக் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். எங்கள் பக்கத்தில் பாராட்டு அவ்வளவுதான்.

வெர்னா நகரவில்லை. அவளுக்கு வரிசை முழுவதையும் பார்க்க வேண்டும், அத்தனை கேள்வியும் போய்த் திரும்பி வருகிறதா என்று. ஸ்கிரீனில் ஒரு சமயத்தில் எட்டு வரிதான் தெரியும். விரலால் தள்ளிக்கொண்டே போனாள். ஐசக் 1, ஐசக் 2, பதினொன்று வரை. டெல்மர் 1 முதல் ஒன்பது. ஆர்டன் 1 முதல் பத்து. அதற்குக் கீழே ஒரே ஒரு வரி. நான் கம்பியைப் பார்த்த நாட்களில் அதுவரை தள்ளிப் பார்த்ததே இல்லை.

முப்பத்தோராவது குதிரின் பெயர் 'வெர்னா'.

"இது என்ன?" என்றாள்.

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆர்டன் கையுறையைச் சரி செய்தான். ஐசக்தான் பேசினார்.

"அப்பா செத்த வருஷம் மூணு பேரும் பேசினோம். உனக்கு நெலம் வரலியேன்னு. வீட்டுக்குப் பின்னாடி அந்தச் சின்னப் பழைய குதிர் இருக்குல்ல, அதக் கடைசியில கோத்தோம். எல்லாம் நெறஞ்சு அதுல எது விழுந்தாலும் அது உனக்குன்னு. ஒரு லோடு வந்ததும் ஃபாஸ்பாவுல கூப்பிட்டுச் சொல்லலாம்னு இருந்தோம்."

"அதான் வரிசைய மாத்தக் கூடாதா?"

"மாத்தினா ஏற்பாடு கெட்டுரும்ல."

"எத்தன வருஷமாச்சு?"

"பதினாலு."

"ஒரு தடவையாவது அதுல விழுந்துச்சா?"

ஐசக் டெல்மரைப் பார்த்தார். டெல்மர் தரையைப் பார்த்தான். "வெளைச்சல் ஜாஸ்தியாக ஜாஸ்தியாக நாங்களும் குதிர் வாங்கிட்டே இருந்தோம்ல" என்றார் ஐசக். "அப்ப பன்னெண்டுதான் இருந்துச்சு."

எனக்கே வாய்க்குள் ஏதேதோ வந்தது. பதினாலு வருடமாக ஒவ்வொரு குதிராக வாங்கி அவளுக்கு முன்னால் சொருகியிருக்கிறார்கள். பன்னிரண்டு முப்பத்தொன்று ஆகிவிட்டது. அப்படிச் சொருகிச் சொருகித்தான் கேள்வி நீண்டது, அடுக்கு உயர்ந்தது, பெட்டி செத்தது. அதோடு நான் மூன்று நாளாக நாய் படாத பாடு படுகிறேன். இதில் அவர்கள் முகத்தில் ஒரு நல்ல காரியம் செய்தவர்களின் கூச்சம் வேறு.

வெர்னா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அழுவாளோ என்றும் ஒரு நொடி நினைத்தேன். அவள் விதைத் தோலை என் காப்பிக் கோப்பையில் துப்பினாள். கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டாள். அந்தக் கோட்டும் ஐசக்குடையதுதான். ஸ்கிரீனில் மூலையைத் தொட்டு, பெட்டி செய்தவர்களுக்கு மட்டும் தெரிந்த பாஸ்வேர்டை அடித்தாள். கடைசி வரியில் விரலை வைத்து, விடாமல் அழுத்திப் பிடித்து, மேலே இழுத்துக்கொண்டே போனாள். ஆர்டன்கள் பத்தையும் தாண்டி, டெல்மர்கள் ஒன்பதையும் தாண்டி, ஐசக் ஒன்றுக்கும் மேலே கொண்டுபோய் விட்டாள்.

'அடுத்தது: வெர்னா' என்று ஸ்கிரீன் மாறியது. எங்கோ ஒரு வால்வு திரும்பியது.

"வெர்னா" என்றார் ஐசக். "அது ஏற்பாடும்மா. வரிசைய மாத்தினா அப்புறம் எப்படி..."

அவள் பர்னரைக் காட்டினாள். அது நிற்காமல் எரிந்துகொண்டிருந்தது.

"இங்க ஓடுதே, அண்ணே" என்றாள்.

ஐசக் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டார். பிறகு, அந்தச் சின்னக் குதிரின் மூடி பதினாலு வருடமாகத் திறக்காதது, துருப்பிடித்திருக்கும் என்று முணுமுணுத்தபடி ஏணியை எடுக்கப் போனார்.